ரத்த டெஸ்ட்ல ஏ.என்.ஏ. பாசிட்டிவ்னு தாள் வந்துச்சா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

செந்தூல்காரி:
கோலாலம்பூர்ல மருத்துவ லேப் துறை மூணாம் வருஷம். இந்த செமஸ்டர் இம்யூனாலஜி. பாதிப் பாடம், நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே அடிக்கிற கதைதான். லூபஸ், முடக்குவாதம், ஹஷிமோட்டோ தைராய்டு.

லேப்ல ஏ.என்.ஏ. பார்க்கக் கத்துக்கொடுத்தாங்க. நம்ம செல் கருவையே குறிவைக்கிற ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தான் ஏ.என்.ஏ. மனித செல் ஒட்டின ஸ்லைடுல, ரத்தத்துலேர்ந்து பிரிச்ச சீரத்தை நீர்த்து விடணும். அரை மணி நேரம் கழிச்சுக் கழுவி, ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடியை விட்டு மறுபடி கழுவணும். விளக்கை அணைச்சு மைக்ரோஸ்கோப்புல பார்த்தா செல் கருவெல்லாம் பச்சைப்பசேல்னு மின்னுது. முதல் ஸ்லைடையே தப்பாச் சொன்னேன். எனக்கு எல்லாம் சீரான பச்சையாத்தான் தெரிஞ்சது. "ரெண்டாப் பிரியுற செல்லைத் தேடும்மா"ன்னார் லேப் அண்ணன். அதுல குரோமோசோம் பட்டை மின்னினா சீரான வகை, இருட்டா இருந்தா புள்ளி வகை. தேடிப் பிடிச்சேன். இருட்டு!

அதே வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அத்தை போன். ஏதோ கிளினிக்ல பேக்கேஜ் டெஸ்ட் எடுத்திருக்காங்க. 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ் 1:80'. தாளை நீட்டினவங்க ஒரு வார்த்தை விளக்கல. "ஏம்மா, எனக்கு லூபஸாம்மா?"

மூட்டு வீக்கம், வாய்ப்புண், முகத்துல சிவப்பு, ஒண்ணொண்ணாக் கேட்டேன். எதுவும் இல்ல. 80 மடங்கு நீர்த்தும் மின்னுது, அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். நல்லா இருக்குற நூறு பேர்ல பத்துப் பதிமூணு பேருக்கு அப்படி வரும்னேன். 2019-ல வந்த லூபஸ் வகைப்பாட்டுல 1:80 வெறும் வாசப்படி. தோல், மூட்டு, சிறுநீரகம்னு அறிகுறிக்கு மார்க் போட்டு 10 சேர்ந்தாத்தான் உள்ளே. எதுக்கும் டாக்டர்கிட்ட தாளைக் காட்டுங்கன்னேன். அத்தை அதை முருகர் படத்துக்குப் பின்னாடி செருகிட்டாங்க.

தண்ணீர்மலை அடிவாரம்:
எங்க கதை தலைகீழ், தங்கச்சி. பினாங்குல 2017 தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்து வெயில்லயே நடந்தாங்க. மூணே நாள்ல ரெண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சேர்ந்து சிவந்துபோச்சு. அம்மை போட்டிருக்குன்னு வீட்ல வேப்பிலை கட்டினோம், ஒரு கிளினிக்ல அலர்ஜிக் களிம்பு கொடுத்தாங்க. ரெண்டு மாசம் போச்சு. சிலிப்பர் வார் கால்ல பள்ளமாப் பதிய ஆரம்பிச்சது. மூத்திரத்துல, இழுத்து ஆத்தின தே தாரேக் டீ மாதிரி நுரை. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்: புரதம் ஒழுகுது, லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருச்சுன்னாங்க.

வெயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல் சாகும்போது கருவுக்குள்ள இருக்குற சரக்கு வெளியே வருமாம். அதைத்தான் இந்த ஆன்டிபாடி பிடிச்சுக்கிட்டு சண்டையைக் கிளப்புதாம். இப்ப ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை, வருஷா வருஷம் கண் பரிசோதனை. தைப்பூசத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே படியேறி இறங்கிடுறாங்க.

பிரிக்பீல்ட்ஸ் மாமா:
லூபஸ் வர்ற பத்துப் பேர்ல ஒன்பது பேர் பொம்பளைங்க. பத்தாவது ஆள் நான். ஒவ்வொரு அப்பாய்ன்ட்மென்டுக்கும் கவுண்டர்ல "இஸ்திரி மானா, எஞ்சேக்?"னு என் பொண்டாட்டியைத் தேடுறாங்க. அவ வீட்ல சௌக்கியமா இருக்கா.