செந்தூல் பட்டறை நிலம்: மரம் நட்டால் மண் சுத்தமாகுமா?

கண்ணம்மா: பழைய லோரிப் பட்டறை இருந்த அரை ஏக்கர். மண் சோதனையில் கிலோவுக்கு 600 மில்லிகிராம் காரீயம் (லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், எடுக்கும் வெள்ளீயம் இல்லை, பேட்டரியில் வருவது), 10,000 மில்லிகிராம் எண்ணெய். காரீயம் 400க்கு இறங்கணும். புங்கை, அக்காசியா நடலாமா, தோண்டி எடுக்கணுமா?

வேர்முனை: நடுங்கள் அக்கா. வேர் கசியும் சர்க்கரையில் பாக்டீரியா பெருகும், அதுதான் எண்ணெயைத் தின்னும். உலோகத்தையும் மரம் இழுக்கும். மலேசியாவின் சபா மாநிலத்தில் நெல்லி, கீழாநெல்லி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி இலையிலேயே 2 சதவிகிதத்துக்கு மேல் நிக்கல் சேர்க்கிறது.

மண்கணக்கு: தம்பி, அது நிக்கல். காரீயம் மண்துகளை விடாது, வேருக்குள் போனாலும் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். கணக்குப் போடுங்கள். அரை ஏக்கர், 20 செ.மீ. ஆழம், ஏறக்குறைய 520 டன் மண். 200 மில்லிகிராம் குறைக்க 104 கிலோ காரீயம் வெளியேறணும். வருஷத்துக்கு 2 டன் காய்ந்த கிளையும் இலையும், கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் போவது 100 கிராம். ஆயிரம் வருஷம் ஆகும்.

வேர்முனை: ஈடிடிஏ (உலோகத்தைக் கரைய வைக்கும் ரசாயனம்) ஊற்றினால் உறிஞ்சுவது கூடுமே அண்ணே?

மண்கணக்கு: கூடும். ஆனால் கரைந்த காரீயத்தில் வேர் பிடிப்பது கொஞ்சம்தான், மீதி கோலாலம்பூர் மழையில் நிலத்தடி நீருக்குப் போய்விடும். அந்தப் பேச்சே வேண்டாம். இன்னொன்று, "இலையில் இவ்வளவு காரீயம்" என்று யார் காட்டினாலும் இலையைக் கழுவிச் சோதித்தார்களா என்று கேளுங்கள். பாதி நேரம் அது சாலைத் தூசு.

வேர்முனை: சரி, காரீயத்தில் தோற்றேன். எண்ணெயில் விடமாட்டேன். சதுர மீட்டருக்கு 30 செ.மீ. ஆழத்தில் 400 கிலோ மண், அதில் 4 கிலோ எண்ணெய், கரி (கார்பன்) மட்டும் 3.4 கிலோ. அதைத் தின்னும் பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் வேணும்; கரி 100க்கு நைட்ரஜன் 10 என்ற வழக்கமான விகிதப்படி 340 கிராம் நைட்ரஜன், அதாவது 740 கிராம் யூரியா. ஒரேயடியாகக் கொட்டினால் கன்று கருகும். சதுர மீட்டருக்கு மாதம் 20 கிராம் வீதம் மூன்று வருஷம் போடணும்.

லோரி ஏறி இறுகிய மண்ணில் காற்றே இருக்காது, அங்கேதான் பலர் தோற்கிறார்கள். முதலில் 60 செ.மீ. ஆழம் கிளறுங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஓட்டை போட்ட நாலு அங்குல பிவிசி குழாயை ஒரு மீட்டர் இறக்குங்கள். ஆறு மாதத்தில் ஓரமாகத் தோண்டிப் பாருங்கள். வேர் நுனி வெள்ளையாக இருந்தால் சரி. கறுத்து அழுகல் வாடை வந்தால் தண்ணீர் தேங்குகிறது, வடிகால் வெட்டணும்.

மண்கணக்கு: இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ஜின் எண்ணெயின் கனமான பகுதி மூன்று வருஷத்தில் முழுசாகப் போகாது, அதில் கலந்த துத்தநாகம் போகவே போகாது. அக்காசியா வேண்டாம், புயல் காற்றில் சாயும். புங்கை போதும், வேர் முடிச்சால் நைட்ரஜனும் கொஞ்சம் சேர்க்கும்.

அகிலா: காரீயத்தை எடுக்க முடியாவிட்டால் கட்டிப்போடலாமே. தோட்டங்களில் போடும் கிறிஸ்மஸ் தீவு பாறைப் பாஸ்பேட் உரம் காரீயத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகும். புளிப்பு மண்ணில்தான் அது கரையும், அதனால் சுண்ணாம்பைப் பின்னால் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: நிலம் லம்ப மணலால் மேடாக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். அதில் ஆர்செனிக் இருந்தால் பாஸ்பேட் அதை அவிழ்த்துவிடும். முதலில் ஆர்செனிக் சோதனை.

வேர்முனை: நல்ல புள்ளி அக்கா. அப்போது மரம் காரீயத்துக்கு மூடி, எண்ணெய்க்கு மருந்து.

மண்கணக்கு: மூடி என்றால் இடைவெளி இல்லாமல் புல்லும் வேணும், வெறும் மண் தெரிந்தால் தூசு பறக்கும். பேட்டரி குவித்த மூலையை மட்டும் தனியாகச் சோதியுங்கள். அங்கே காரீயம் பல மடங்கு இருந்தால் தோண்டத்தான் வேணும். அந்த மண் மலேசியச் சட்டப்படி எஸ்டபிள்யூ 408 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு. உரிமம் உள்ள லோரிதான் ஏற்றலாம், குப்பைமேட்டில் கொட்டக்கூடாது.

கண்ணம்மா: வேலியோரம் முருங்கை நடலாமா?

அகிலா: கூடாதும்மா. முருங்கை, கறிவேப்பிலை, வாழை எதுவும் வேண்டாம். ஆடும் உள்ளே வரக்கூடாது.