ஹெப் பி டைட்டர் 10-க்கு கீழ, ஜூலைல அமெரிக்கால டென்டல் காலேஜ் சேரணும், உதவி ப்ளீஸ்

கடைவாய்ப்பல்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் அவசரம், நேரா விஷயத்துக்கு வரேன். தமிழ்நாட்டுலதான் பிடிஎஸ் முடிச்சேன், அமெரிக்கா டென்டல் பரீட்சையான ஐஎன்பிடிஇ பாஸ் பண்ணி, கேபிட்ங்கற அப்ளிகேஷன் போர்ட்டல்ல அப்ளை பண்ணி, கைவேலைய சோதிக்கற பெஞ்ச் டெஸ்ட், இன்டர்வியூ எல்லாம் தாண்டி ஒருவழியா ஒரு அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் சீட் (வெளிநாட்டுல படிச்ச டென்டிஸ்டுக்கான சுருக்கமான கோர்ஸ்) கெடச்சிருக்கு. டெபாசிட் கட்டியாச்சு, விசாவுக்கு காலேஜ் தர்ற ஐ-20 ஃபார்ம் வந்தாச்சு, லோனும் சாங்ஷன். ஜூலை கடைசில ஓரியன்டேஷன். எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்தா இப்ப இம்யூனைசேஷன் ஃபார்ம்னு ஒண்ணு அனுப்பிச்சிருக்காங்க, அதுல மாட்டிக்கிட்டேன்.

ஹெபடைட்டிஸ் பி டைட்டர், அதாவது ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி அளவு, நம்பரோட கேக்கறாங்க. லேப்ல போய் ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்னு சொன்னேன், நெகட்டிவ்னு ரிப்போர்ட் குடுத்தாங்க, அத அப்லோட் பண்ணா ரிஜெக்ட். அப்புறம்தான் தெரியுது அது வைரஸ் இருக்கான்னு பாக்கற ஹெச்பிஎஸ்ஏஜி, கேட்டது ஆன்டிபாடிய அளக்கற ஆன்டி-ஹெச்பிஎஸ். மறுபடி போய் எடுத்தா 4.2 வந்திருக்கு, 10-க்கு மேல இருக்கணுமாம். பிடிஎஸ் ஃபர்ஸ்ட் இயர்ல காலேஜ் கேம்ப்ல ஊசி போட்டாங்க, மூணு டோஸ்னு ஞாபகம், ஆனா கார்டுல ரெண்டுக்குத்தான் சீல் இருக்கு.

அதோட நிக்கல. டிபிக்காக கைல ஊசி குத்திப் பாக்கற மாண்டூ டெஸ்ட் போட்டு பாத்தா 13 மில்லிமீட்டர் வீங்கிடுச்சு, வீட்டுல அப்பா எனக்கு டிபின்னே முடிவு பண்ணிட்டாரு. சின்னம்மை ஆறாவது படிக்கும்போது வந்துச்சு, ஆனா டாக்டர்கிட்ட யாரு போனா, வேப்பிலைய கட்டி வீட்டுக்குள்ள உக்கார வச்சு மூணு தண்ணி ஊத்தி முடிச்சுட்டாங்க, அதுக்கு எங்க போய் சர்டிஃபிகேட் வாங்கறது? எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) ரெண்டு டோஸ் ஒழுங்கா போட்டு டேட் போட்டு அப்லோட் பண்ணேன், அதையும் போர்ட்டல் தூக்கி அடிச்சிருச்சு, காரணமே புரியல. இதுக்காக சீட் போயிடுமா? யாராவது இத கடந்து வந்தவங்க சொல்லுங்க.

அவசரக்குடுக்கை:

சிம்பிள் ப்ரோ. 0, 7, 21 நாள்னு ஒரு ராபிட் கோர்ஸ் இருக்கு, மூணு வாரத்துல முடிஞ்சுடும். இன்னிக்கே முதல் ஊசிய போட்டுட்டு வாங்க.

பெயர் வேண்டாமே:

இதுக்கெல்லாமா டென்ஷன். தெரிஞ்ச லேப்ல சொன்னா 100-னு அடிச்சு குடுத்துடுவாங்க, நம்ம ஊர்ல நடக்காததா.

பெஞ்ச்டெஸ்ட் பாவி:

மேல உள்ளவர் சொன்னத தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. போனதும் அங்கயே ஒருதடவ ரத்தம் எடுத்தாங்கன்னா குட்டு வெளிப்பட்டுடும், அது ஹெல்த் ஃபார்ம் பிரச்சனையா இருக்காது, ஃபோர்ஜரி கேஸ் ஆயிடும், சீட்டும் போகும் எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவும் போகும். அதவிட முக்கியமா, நாளைக்கு கிளினிக்ல பேஷன்ட்டுக்கு போட்ட ஊசி தவறி உங்க கைல குத்துச்சுன்னா அவஸ்தைப்படப் போறது நீங்கதான்.

இப்ப கடைவாய்ப்பல், நான் இதே மாதிரி ஒரு ப்ரோக்ராம்ல ஃபைனல் இயர். முதல்ல மூச்ச விடு. 4.2-ங்கறது நோய் இல்ல, ஃபெயிலும் இல்ல. ஊசி போட்டு வருஷமாச்சுன்னா ஆன்டிபாடி அளவு தன்னால இறங்கும், உள்ள மெமரி இருக்கும், ஒரு டோஸ் தட்டி விட்டா பெரும்பாலானவங்களுக்கு எகிறிடும். எங்க பேட்ச்லயே இந்தியால இருந்து வந்த பலருக்கு இதே கதைதான்.

ராபிட் கோர்ஸ் வேண்டாம். வேற சில நாட்டுல அந்த 0-7-21 உண்டு, ஆனா அமெரிக்கா காலேஜ் பாக்கறது அந்த நாட்டு அரசோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி சொல்ற இடைவெளிய. வழக்கமான மூணு டோஸ் தடுப்பூசிக்கு முதலுக்கும் ரெண்டாவதுக்கும் குறைஞ்சது 4 வாரம், ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் 8 வாரம், முதலுக்கும் மூணாவதுக்கும் 16 வாரம். அதுக்குள்ள போட்டத கணக்குல எடுத்துக்க மாட்டாங்க, காசும் கையும்தான் வலிக்கும்.

உன் கேஸ்ல ஒரு நல்ல விஷயம், கார்டுல ரெண்டு டோஸ் சீல் இருக்குன்னா இப்ப போடற ஒரே ஊசி மூணாவது டோஸ் ஆயிடும். எத்தன வருஷம் இடைவெளி விட்டாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கத் தேவையில்ல, விட்ட இடத்துல இருந்து தொடரலாம். போட்டதுல இருந்து ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு டைட்டர் எடு. இப்ப மே, ஊசிய இந்த வாரம் போட்டா ஜூன் கடைசில ரிப்போர்ட் கைல இருக்கும், தாராளமா டைம் இருக்கு. அப்பவும் 10 தாண்டலன்னா ரெண்டாவதா இன்னொரு முழு கோர்ஸ் போட்டு திரும்ப பாப்பாங்க, இல்லன்னா இங்க வந்து ஹெப்லிசாவ்ங்கற ஹெப் பி தடுப்பூசி போட்டுக்கலாம், அது 4 வார இடைவெளில ரெண்டே டோஸ், ரெஸ்பான்ஸும் நல்லா இருக்கும்.

இன்னொண்ணு, இன்னிக்கே இந்த ஃபார்மெல்லாம் சரிபாக்கற காலேஜ் கம்ப்ளையன்ஸ் ஆஃபீஸுக்கு ஒரு மெயில் போடு. இத்தனை டோஸ் போட்டிருக்கேன், டைட்டர் இது, அடுத்த டோஸ் இந்த தேதி, மறு டைட்டர் இந்த தேதின்னு நாலு வரி போதும். கோர்ஸ் நடந்துட்டிருக்குன்னு ஆதாரம் இருந்தா பொதுவா சிம் லேப்ல (பொம்மை வாய்ல பழகற லேப்) உக்கார விடுவாங்க, பேஷன்ட் தொடறதுக்கு முன்னாடி முடிக்கச் சொல்லுவாங்க. ஒண்ணுமே சொல்லாம ஓரியன்டேஷன் அன்னிக்குப் போய் நிக்கறவங்களுக்குத்தான் ரெஜிஸ்ட்ரேஷன் ஹோல்டு விழுது.

திருச்சி லேப்காரன்:

நான் லேப் டெக்னீஷியன், என் பங்குக்கு கொஞ்சம். ஊசி போடறதுக்கு *முன்னாடி* ரத்தம் குடுங்க தங்கச்சி, இந்த வரிசை ரொம்ப முக்கியம். தடுப்பூசில இருக்கறதே அந்த ஹெச்பிஎஸ்ஏஜி புரோட்டீன்தான், அதனால போட்டப்புறம் 18 நாள் வரைக்கும் டெஸ்ட்ல அது பாசிட்டிவ் காட்டலாம். நோயே இல்லாம நோய்னு ரிப்போர்ட் வந்து வீடே அழுத கதை எங்க கவுன்டர்ல பாத்திருக்கேன். உங்களுக்கு ஹெச்பிஎஸ்ஏஜி ஏற்கனவே நெகட்டிவ்ங்கறதால அந்தக் கவலை இல்ல, ஆனா எப்பவாவது அந்த வைரஸ் தொத்தியிருக்கான்னு காட்டற ஆன்டி-ஹெச்பிசி டோட்டல்னு ஒண்ணு சில காலேஜ் கேக்கும், அதையும் இப்பவே சேத்து எடுத்துடுங்க.

கவுன்டர்ல "ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்"னு பொத்தாம் பொதுவா சொன்னா எந்த லேப்லயும் ஹெச்பிஎஸ்ஏஜிதான் போடுவாங்க, நாள் முழுக்க அதத்தானே ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கறோம். "ஆன்டி-ஹெச்பிஎஸ் குவான்டிடேட்டிவ்"னு எழுதியே குடுங்க. ரியாக்டிவ்னு மட்டும் வர்ற ரிப்போர்ட் செல்லாது, நம்பரும் யூனிட்டும் ரெஃபரன்ஸ் ரேஞ்சும் பிரின்ட்ல இருக்கணும், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேரும் பிறந்த தேதியும் இருக்கணும். இனிஷியல் குழப்பத்துல திரும்பி வர்ற ரிப்போர்ட்டுக்கு எங்ககிட்ட தனி ஃபைலே இருக்கு.

அப்புறம் ஊசிய தோள்பட்டைல, டெல்டாய்டு தசைலதான் போடச் சொல்லுங்க. இடுப்புக்கு கீழ போட்டா இந்தத் தடுப்பூசி சரியா வேலை செய்யாது, அத டோஸாவே கணக்குல எடுக்க மாட்டாங்க. நம்ம ஊர் நர்ஸ் அக்காங்க சிலர் பழக்க தோஷத்துல திரும்பிப் படுன்னு சொல்லுவாங்க, உஷாரு.

கடைவாய்ப்பல்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா (அக்காதானே?). கொஞ்சம் தெம்பு வந்துச்சு. மாண்டூவுக்கு என்ன பண்றது, அப்பா எக்ஸ்ரே எடுக்க வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு.

பெஞ்ச்டெஸ்ட் பாவி:

அக்காதான். அப்பாவ வண்டிய நிறுத்தச் சொல்லு. நம்ம எல்லாருக்கும் பொறந்ததும் டிபி தடுப்பூசியான பிசிஜி போட்டிருக்காங்க, கைல தழும்பு இருக்குல்ல, அந்த ஊசியாலயே மாண்டூ வீங்கலாம். ஆனா டிபி அதிகம் இருக்கற நாட்டுல இருந்து புதுசா வர்றவங்களுக்கு 10 மில்லிமீட்டர்லயே பாசிட்டிவ்னு எழுதிடுவாங்க, உன் 13 அதுல விழுந்துடும். அதனால குவான்டிஃபெரான் மாதிரி டிபிக்கான ஒரு இக்ரா ரத்த டெஸ்ட் எடு, அத பிசிஜி குழப்பாது. அது நெகட்டிவ்னா பெரும்பாலும் கதை முடிஞ்சுது, இருந்தாலும் எடுக்கறதுக்கு முன்னாடி ஃபார்ம்ல இக்ரா ஒத்துக்கறாங்களான்னு பாத்துக்க. பாசிட்டிவ் வந்தா அப்ப எக்ஸ்ரே. எக்ஸ்ரே கிளியர்னா லேட்டன்ட் டிபி, அதாவது உள்ள தூங்கிட்டிருக்கற கிருமி, அது யாருக்கும் ஒட்டாது, சில மாசம் மாத்திரை சாப்பிடச் சொல்லுவாங்க, படிப்பு பாட்டுக்கு நடக்கும்.

சின்னம்மைக்கு வெரிசெல்லா ஐஜிஜிங்கற ஆன்டிபாடி டெஸ்ட் எடு. வேப்பிலை சாட்சி சொல்லாது, ஆன்டிபாடி சொல்லும். நெகட்டிவ்னா ரெண்டு டோஸ் 4 வார இடைவெளில போடணும். அது வலுவிழந்த உயிருள்ள கிருமில செஞ்ச லைவ் வேக்சின், அதனால டிபி டெஸ்ட்டுக்கு முதல்ல ரத்தம் குடுத்துட்டு அப்புறம் போடு, இல்ல ஒரே நாள்ல ரெண்டையும் முடி. லைவ் வேக்சின் போட்டுட்டு பின்னாடி டிபி டெஸ்ட்னா 4 வாரம் காத்திருக்கணும், நடுவுல எடுத்தா தப்பா நெகட்டிவ் காட்ட வாய்ப்பு உண்டு.

எம்எம்ஆர் தேதி ரெண்டையும் நீ எப்படி எழுதினியோ அப்படியே இங்க போடு பாப்போம்.

கடைவாய்ப்பல்:

05/08/2024, 02/09/2024. கரெக்டா 28 நாள் இருக்கே அக்கா.

பெஞ்ச்டெஸ்ட் பாவி:

ஹாஹா அதேதான் நெனச்சேன். அவங்க மாசத்த முன்னாடி படிப்பாங்க. முதல் டோஸ் மே 8, ரெண்டாவது டோஸ் பிப்ரவரி 9, அதாவது ரெண்டாவது ஊசிய முதல் ஊசிக்கு முன்னாடியே போட்டிருக்க! மாசத்த எழுத்துல எழுதி டாக்டர்கிட்ட சைனும் சீலும் வாங்கி திரும்ப அப்லோட் பண்ணு. இது ஒண்ணுக்காகவே எத்தனை பேர் மறுபடி ஊசி குத்திக்கிட்டாங்க தெரியுமா.

யாழ்ப்பல்:

நான் இஞ்ச யூகேல டென்டல் படிக்கிறன், இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்தான், யாழ்ப்பாணம் சொந்த இடம். இதை வாசிக்கிற ஆரும் யூகே வாறதெண்டா ஒண்டு கவனியுங்கோ, இஞ்ச கதை வேற. ஊர் ரிப்போர்ட்ட வச்சு கிளியரன்ஸ் தர மாட்டினம். ஆக்குபேஷனல் ஹெல்த் எண்டு ஊழியர், மாணவர் உடல்நலம் பாக்கிற பிரிவில ஃபோட்டோ ஐடி பாத்து அவையே ரத்தம் எடுப்பினம், ஹெப் பி, ஹெப் சி, எச்ஐவி மூண்டும் பாப்பினம், அது முடியாமல் கிளினிக்கில வாய்க்குள்ள கை வைக்க ஏலாது. டைட்டரும் 10 தாண்டினா விட்டிருவினம் எண்டு இல்லை, 10-க்கும் 100-க்கும் இடையில எண்டா இன்னொரு டோஸ் போடச் சொல்லுவினம். அதால ஊரில ஊசிகளை மட்டும் ஒழுங்காப் போட்டு கார்டைப் பத்திரமா கொண்டு வாங்கோ, டெஸ்ட்டுக்கு ஊரில கனக்க காசு செலவழிக்காதேங்கோ.

கடைவாய்ப்பல்:

அப்டேட்: ஊசி போட்டு ஒரு மாசம் தாண்டி எடுத்த டைட்டர் 312! குவான்டிஃபெரான் நெகட்டிவ். வெரிசெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், வேப்பிலை கேஸ் ஜெயிச்சிருச்சு. எம்எம்ஆர் தேதிய மாத்தி எழுதினதும் ரெண்டே நாள்ல அப்ரூவ்டு. டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் தடுப்பூசி) மட்டும் போட்டா முடிஞ்சுது, ஃப்ளூ ஊசி அங்க போய் செப்டம்பர்ல போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் கோடி நன்றி, அப்பாவும் சொல்லச் சொன்னாரு.

மோலார்மணி:

இந்த இழைய பாத்துட்டு நானும் பூஸ்டர் போட்டேன், எனக்கும் அடுத்த மாசம் ஜாயினிங். ஃபார்ம்ல ஹெச்பிஎஸ்ஏஜி-யும் கேட்டிருந்தாங்க, நேத்து எடுத்தேன், பாசிட்டிவ்னு வந்திருக்கு. கைகால் ஓடல. அமெரிக்கா அவ்ளோதானா? விசாவுக்கு பிரச்சனை ஆகுமா?

திருச்சி லேப்காரன்:

தம்பி, ஊசி என்னிக்கு போட்டீங்க?

மோலார்மணி:

போன வாரம் அண்ணா.

திருச்சி லேப்காரன்:

அப்ப மேல நான் எழுதினத ஒருதடவ படிங்க. அந்த ரிப்போர்ட்ட இப்ப எங்கயும் அப்லோட் பண்ணாதீங்க. ஊசி போட்ட நாள்ல இருந்து ஒரு மாசம் கழிச்சு ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிசி டோட்டல் ரெண்டும் எடுங்க. ரெண்டும் நெகட்டிவ்னா அது ஊசியோட வேலைதான். நாள் நெருங்குதுன்னா டாக்டர பாத்து இந்த விவரத்த ஒரு லெட்டரா வாங்கி காலேஜுக்கு அனுப்பி வைங்க.

பெஞ்ச்டெஸ்ட் பாவி:

மோலார்மணி, அப்பவும் பாசிட்டிவ்தான்னு வந்தாலும் கதவு சாத்தல. எஃப்-1 விசாவுக்கு பொதுவா மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. ஹெப் பி இருக்கறதாலயே ஒருத்தர டென்டல் படிக்க விடாம தடுக்கக் கூடாதுன்னு சிடிசி 2012-லயே எழுதி வச்சிருக்கு, பெரிய வாய்-தாடை சர்ஜரி மாதிரி ஆபத்து கூடின வேலைக்குத்தான் வைரல் லோட் (ரத்தத்துல வைரஸ் அளவு) பாப்பாங்க, 1000 யூனிட்டுக்கு கீழ வச்சுக்கிட்டு ஆறு மாசத்துக்கு ஒருதடவ டெஸ்ட் குடுத்துட்டு அதையும் செய்யலாம். மாத்திரைல அந்த அளவுக்கு இறக்கறது இன்னிக்கு பெரிய விஷயமில்ல. அது அப்புறம், முதல்ல லேப் அண்ணன் சொன்ன ரெண்டு டெஸ்ட்ட எடு, ரிசல்ட் வந்ததும் இங்கயே போடு.