பாதிப் பலகையில் நிற்கிறது கட்டி சார்க்: ஷோகேஸா, தண்ணீரா?

மரத்தூள்:

எல்லாருக்கும் வணக்கம். 1:80 அளவுல கட்டி சார்க் மாடல் கட்டிட்டிருக்கேன், அந்தப் பழைய பிரிட்டிஷ் பாய்க்கப்பல்தான். ஒட்டுப்பலகையில வெட்டின ரிப் (விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டம்), அதுமேல லைம் மரத்தோட மெல்லிய நீளப் பலகைகளை ஒட்டுற முறை. முதல் அடுக்கு பாதி வரைக்கும் வந்தாச்சு, மேல்தளம் இன்னும் போடலை. ரெண்டு சந்தேகம்.

ஒண்ணு, பலகை நடுவுல அழகா உட்காருது. மூக்குப் பக்கம் போகப் போக ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, மேல்நோக்கித் திரும்புது. ஊற வெச்சேன், சூடு காட்டினேன். வளையுது, ஆனா இடத்துல நிக்க மாட்டேங்குது.

ரெண்டு, ஆரம்பிச்சப்போ ஷோகேஸ்ல வைக்கிற எண்ணம்தான். இப்போ ரிமோட் வெச்சுத் தண்ணியில ஓட்டிப் பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சு. உள்ளே அடியில கொஞ்சம் ஈயம் போட்டா நிக்கும்தானே? நிஜக் கப்பலும் அப்படித்தானே நின்னுச்சு?

ஈயக்குண்டு:

முதல் கேள்வியை முதல்ல முடிச்சுடுவோம். கோளாறு மரத்துல இல்லை, அகலத்துல. ஒரு காகிதப் பட்டையை எடுத்து நடு ரிப்பை மேல்தள விளிம்புல இருந்து கீல் (கப்பலோட அடி முதுகெலும்பு) வரைக்கும் அளங்க. அதே மாதிரி மூக்குப் பக்கத்து முதல் ரிப்பையும் அளங்க. ரெண்டாவது நல்லாக் குட்டையா இருக்கும். நடுவுல எத்தனை பலகை போகுதோ அத்தனையும் அந்தக் குட்டை இடத்துக்குள்ளயும் அடங்கணும். அப்போ ஒவ்வொண்ணும் மூக்குல ஒடுங்கித்தான் ஆகணும். ஒவ்வொரு ரிப்லயும் காகித நீளத்தைப் பலகை எண்ணிக்கையால வகுத்துப் பென்சில் குறி போடுங்க, அந்தக் குறிக்குத் தகுந்த மாதிரி சீவுங்க. பாதி அகலத்துக்கும் கீழே போகாதீங்க, முனை பிளந்துடும். அதுக்கும் மேல ஒடுக்க வேண்டி வந்தா ரெண்டு பலகையை ஒரே பலகையா முடிங்க. பின்பக்கம் நேர் எதிர். அங்கே இடம் மிஞ்சும், ஆப்பு மாதிரி துண்டு சொருகணும்.

ஊற வைக்கிறதால தட்டைப் பக்கமா வளைக்கலாம். விளிம்புப் பக்கமா வளைக்க மரம் ஒத்துக்கவே ஒத்துக்காது. நீங்க இப்போ பண்ணிட்டிருக்கிற சண்டை அதுதான். மூக்கு ரிப்களோட விளிம்பைச் சாய்வாத் தேய்ச்சிருக்கீங்களான்னும் பாருங்க. பலகை ரிப்போட முழு கனத்துலயும் படணும், ஒரு ஓரத்துல மட்டும் தொட்டுட்டு நிக்கக் கூடாது.

இப்போ ரெண்டாவது. "கொஞ்சம் ஈயம்"னு சொன்னீங்களே, அங்கேதான் ஆளுங்க கவுருறாங்க. கணக்காப் பார்ப்போம்.

கட்டி சார்க் 1869ல இறங்கின கப்பல். உடல் நீளம் சுமார் 64.8 மீட்டர். 20 அடி ஆழம் அமுங்கி மிதக்கும்போது எடை 2,100 டன். பாய்ப் பரப்பு 32,000 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 2,970 சதுர மீட்டர். 1:80க்குக் கொண்டு வந்தா நீளம் 81 செ.மீ. பரப்பை 80ஆல ரெண்டு தடவை வகுக்கணும், 0.46 சதுர மீட்டர். எடையை மூணு தடவை வகுக்கணும், 4.1 கிலோ. தண்ணிக்குள்ள அமுங்குற ஆழம் வெறும் 7.6 செ.மீ.

இந்த 4.1 கிலோவுல மரம், பாய்மரம், கயிறு, பேட்டரி, சர்வோ (ரிமோட் சொன்னபடி பாயையும் சுக்கானையும் திருப்புற சின்ன மோட்டார்) எல்லாம் அடக்கம். மிச்சம்தான் ஈயம். அதையும் 7.6 செ.மீ. ஆழத்துக்குள்ளதான் வைக்க முடியும்.

இனி காற்று. கப்பலை 80 மடங்கு சுருக்கிட்டீங்க, காற்றை யார் சுருக்குறது? கப்பலைச் சாய்க்கிறது பாயோட பரப்பும் அதோட உயரமும். அது மூணு தடவை 80ஆல வகுபடும். நிமிர்த்துறது எடையும் அந்த எடைக்குக் கிடைக்கிற நெம்புதூரமும். அது நாலு தடவை வகுபடும். ஆகவே ஒரே காற்றுல உங்க மாடல் நிஜக் கப்பலைவிட 80 மடங்கு சீக்கிரம் சாயும். வேற மாதிரி சொன்னா, காற்றோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறுறதால, மாடல் உணர்ற காற்றைத் தெரிஞ்சுக்க 80ஓட வர்க்கமூலத்தால பெருக்கணும், அதாவது ஏறக்குறைய 9 மடங்கு. கரையில நின்னு "அடடா, மெல்லிசாக் காத்து வருது"ன்னு நீங்க ரசிக்கிற 5 நாட் (மணிக்கு சுமார் 9 கி.மீ.) காற்று உங்க கப்பலுக்கு 45 நாட் புயல். அந்தப் புயல்ல நிஜ கட்டி சார்க் கேப்டன் எல்லாப் பாயையும் விரிச்சு வெச்சிருப்பாரா?

பந்தயத்துக்கு ஓட்டுற ஒரு மீட்டர் வகுப்புப் படகை இதுக்குப் பக்கத்துல நிறுத்திப் பாருங்க. நீளம் 1 மீட்டர், குறைந்தபட்ச எடை 4 கிலோ, பெரிய பாய் செட் சுமார் 0.6 சதுர மீட்டர். கிட்டத்தட்ட உங்க கப்பலோட அதே எடை, கொஞ்சம்தான் கூடுதல் பாய். அது மட்டும் எப்படி நிக்குது? 4 கிலோவுல பாதிக்கு மேல கீலும் அதன் நுனி ஈயக் குண்டும். அந்தக் குண்டு 40 செ.மீ. ஆழத்துல தொங்குது. வித்தியாசம் எடையில இல்லை, அந்த எடை எங்கே தொங்குதுங்கிறதுல.

அதனால ஓட்டுறதா இருந்தா கழட்டி மாட்டுற துடுப்புக் கீல் ஒண்ணு கட்டாயம், அதாவது மீன் துடுப்பு மாதிரி கீழே நீட்டுற தகடு, நுனியில ஈயக் குண்டு. தண்ணியில இருக்கும்போது அது யாருக்கும் தெரியாது, மேஜைக்கு வரும்போது கழட்டிடலாம். ஷோகேஸா தண்ணியான்னு நீங்க இன்னிக்கே முடிவு பண்ணியாகணும், ஏன்னா அந்தக் கீலை மாட்டுற குழாயை மேல்தளம் மூடுறதுக்கு முன்னாடிதான் வைக்க முடியும். அப்புறம் வைக்கிறது அறுவைசிகிச்சை.

உள்பக்கம் முழுக்க எப்பாக்சி (ரெண்டு பாகம் கலந்தாக் கெட்டியாகுற பிசின்) பூசுறதும் இப்போதான். சாதாரண வெள்ளைப் பசையில ஒட்டியிருந்தா தண்ணி உள்ளே போன அன்னிக்கே பலகை வாய் பிளக்கும். மிச்சப் பலகைக்குத் தண்ணி தாங்குற டி4 தரப் பசை வாங்குங்க. வெளியே மெல்லிய கண்ணாடி இழைத் துணி போட்டு எப்பாக்சி. செம்புத் தகடு ஒட்டுற ஆசை இருந்தா விட்டுடுங்க. ஓடுற கப்பல்ல ஒவ்வொண்ணா உரியும், நிறமும் தப்பு. கட்டி சார்க்குக்கு அடியில போட்டது மன்ட்ஸ் உலோகம், 60 பங்கு செம்பு 40 பங்கு துத்தநாகம். மஞ்சள் கலந்த பித்தளை நிறம்தான் வரணும். பெயின்ட்லயே அழகா வந்துடும்.

தூசிதட்டி:

ஈயக்குண்டு எப்பவும் போல எல்லாரையும் தண்ணிக்கு இழுக்குறார். நான் எதிர்க்கட்சி.

கட்டி சார்க் மாதிரி மூணு பாய்மரக் கப்பல்ல இருக்கிற கயிறு வேலை தண்ணிக்கு ஆனது இல்லை. ஓட்டுறவங்க பாதிக் கயிறை விட்டுடுவாங்க, விடலேன்னா ஒவ்வொரு தடவையும் எதாவது சிக்கும். நீங்க மாசக்கணக்கா முடிச்சுப் போட்ட கயிற்றேணி ஒரே ஒரு வாத்து பக்கத்துல வந்தாப் போச்சு. இதை முழு விவரத்தோட பெட்டிக்குள்ள வைங்க. ஓட்டணும்னா தனியா ஒரு எளிமையான ஒற்றைப் பாய்மரப் படகு கட்டுங்க.

பெட்டி பத்தியும் சொல்லிடுறேன். யாரும் கேட்கலை, ஆனா கேட்டிருக்கணும். காற்று புகாத மாதிரி இறுக்கி மூடாதீங்க. மரம் மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவியை விடும், ஓக் மரம் அதுல மோசம். அடைச்ச பெட்டிக்குள்ள அந்த ஆவி ஈயம் கலந்த வார்ப்புச் சாமானைத் தின்னு வெள்ளைப் பொடியாக்கிடும். நங்கூரம், சின்னப் பீரங்கி எல்லாம் பூஞ்சை பிடிச்ச மாதிரி ஆகும். துடைச்சாப் போகாது, உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கும். அடிப்பலகையில ரெண்டு மூணு துளை போட்டுத் தூசி வடிகட்டித் துணி ஒட்டினாப் போதும். கிட்ல ஈய வார்ப்பு இருந்தா பித்தளையிலயோ பிசின்லயோ மாத்துங்க. நேர் வெயில் படுற சுவர் பக்கம் வேண்டாம். பருத்தி நூல் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தொய்ஞ்சு இறுகும், பாலியெஸ்டர் நூல் அவ்வளவு ஆடாது.

சுற்றுக்கம்பி:

கட்சிச் சண்டையில நான் இல்லை. ஓட்டுறதா இருந்தா மின்சார விஷயம் மட்டும்.

இப்போ எல்லாரும் வைக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவோட அலை தண்ணிக்குள்ள போகாது. ரிசீவர் ஆன்டெனா நுனியாவது நீர்க்கோட்டுக்கு மேல நிக்கணும். உங்க கப்பல் அமுங்கினது போக மேல பக்கச்சுவர் கொஞ்சம்தான் மிஞ்சும், அதனால ரிசீவரை மேல்தளத்துக்கு ஒட்டினாப்புல உள்பக்கம் மாட்டுங்க, அடியில போடாதீங்க. பேட்டரி மட்டும் கீல் மேலயே, நடுக்கோட்டுல.

சதுரப் பாயைத் திருப்ப, பாய் தொங்குற பருமல்களைப் பாய்மரத்தைச் சுத்தித் திருப்பணும். முன்மரத்துக்கு ஒரு சர்வோ, மத்த ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணு. காற்றை எதிர்த்துத் திரும்பும்போது முன்மரப் பாயைக் கடைசி வரைக்கும் பழைய கோணத்துலயே விடணும், காற்று அதோட முன்பக்கம் அடிச்சு மூக்கைத் தள்ளும். அதனாலதான் தனி சர்வோ. நடைமுறையில பல தடவை திரும்பாம நின்னுடும். அப்போ காற்றுக்கு முதுகு காட்டிச் சுத்தி வர்றதுதான் வழி.

சுக்கான் அளவுப்படி செஞ்சா மாடலைத் திருப்ப அது பத்தாது. தெளிவான அக்ரிலிக் தகடை அதுக்குப் பின்னாலயும் கீழேயும் நீட்டி மாட்டுங்க, தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாது.

மரத்தூள்:

எல்லாருக்கும் நன்றி. காகிதப் பட்டை வெச்சு அளந்தேன், ஈயக்குண்டு சார் சொன்னது அப்படியே சரி. மூக்குல பலகை முக்கால் அகலத்துக்கு வரணும்.

தூசிதட்டி சார் திட்டினாலும் பரவாயில்லை, தண்ணியில விடத்தான் போறேன். ரெண்டும் நடக்கிற மாதிரி கீல் மாட்டுறது எப்படி? கீழே துளை போட்டா உள்ளே தண்ணி வராதா? எவ்வளவு ஈயம்?

ஈயக்குண்டு:

துளை போடணும், ஆனா அந்தத் துளைக்கும் கப்பலோட உள்பக்கத்துக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. ரெண்டு பித்தளைக் குழாய், ஒண்ணு முன்மரத்துக்குப் பின்னால, இன்னொண்ணு நடுமரத்துக்குப் பின்னால. கீல்ல இருந்து மேல்தளம் வரைக்கும் நேராப் போகணும். கீழ்முனையிலயும் மேல்முனையிலயும் சுத்தி எப்பாக்சி. குழாய்க்குள்ள தண்ணி ஏறும், ஆனா நீர்க்கோட்டு உயரத்துலயே நின்னுடும், கப்பலுக்குள்ள ஒரு சொட்டு வராது. துடுப்புல ரெண்டு மரையிட்ட எஃகுக் கம்பி நிக்கும். அதைக் கீழே இருந்து குழாய்ல சொருகி மேல நட் போட்டு இறுக்குங்க. நட்டை மறைக்க மேல்தளத்துல கழட்டுற மாதிரி ஒரு சின்ன அறையோ மூடியோ போதும், இந்தக் கப்பல்ல அதுக்குப் பஞ்சமில்லை.

ஷோகேஸுக்கு வரும்போது அதே குழாயில பீடத்தோட கம்பி ஏறும். தனியா துளை வேண்டாம், தூசிதட்டிக்கும் சந்தோஷம். ஈயக் குண்டை மட்டும் பெட்டிக்குள்ள வைக்காதீங்க, அந்த ஆவி விஷயத்துல அவர் சொல்றது முழுக்க உண்மை. குண்டுக்குப் பெயின்ட் அடிச்சு வேற அலமாரியில போடுங்க.

எவ்வளவு ஈயம்னு காகிதத்துல கணக்குப் போட்டு வாங்காதீங்க. மேல்தளம், பாய்மரம், பேட்டரி எல்லாம் மாட்டினப்புறம் தொட்டியில மிதக்க விடுங்க. துடுப்பை மாட்டி, நீர்க்கோடு தண்ணியைத் தொடுற வரைக்கும் சின்னச் சின்ன ஈய உருண்டைகளைப் பையில போட்டு உள்ளே வைங்க, முன்னேயும் பின்னேயும் நகர்த்தி மட்டம் பாருங்க. அப்புறம் அந்தப் பையைத் தனியா எடை போடுங்க. அதுதான் உங்க மொத்த ஈயம். ஈயத்துக்கு அடர்த்தி 11.3, வெளியே தொங்கும்போது தண்ணி அதுல பத்துல ஒரு பங்குக்கும் குறைவாத்தான் தாங்கும். அதனால முக்கால்வாசியைத் தாராளமா வெளிக் குண்டுக்கு மாத்தலாம், மிதப்பு ஒண்ணும் பெருசா மாறாது. கால்வாசியை மட்டம் சரி பண்ண உள்ளே வைங்க. நான் துடுப்பை உடலுக்குக் கீழே 25 செ.மீ. வரைக்கும் நீட்டுவேன். ஈயத்தை உலர்வாத் தேய்க்காதீங்க, தூள் பறக்கும். கையுறை போடுங்க, கை கழுவுங்க.

0.46 சதுர மீட்டர் பாய்ல 5 நாட் காற்று தள்ளுற விசை 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல. 10 நாட்ல அது நாலு மடங்கு, ஒரு கிலோவை நெருங்கும். அதனால மேல் அடுக்குப் பாயை எல்லாம் கழட்டுற மாதிரி தைங்க, தண்ணிக்குக் கொண்டு போகும்போது கீழ்ப் பாய்களோட ஆரம்பிங்க. துணி மெல்லிய பாலியெஸ்டர்தான். பருத்தி நனைஞ்சா உச்சியில எடை ஏறும், அதுதான் இந்தக் கப்பலுக்கு வேண்டவே வேண்டாதது.

வேகமாப் போகலைன்னு வருத்தப்படாதீங்க. நிஜக் கப்பலோட அதிகபட்சம் 17.5 நாட். அலையோட கணக்குப்படி அதையும் 80ஓட வர்க்கமூலத்தால வகுத்தா நொடிக்கு 1 மீட்டர். 1872ல இங்கிலாந்தோட டார்கீ ஊர்ல வில்லியம் ஃப்ரூட்ங்கிற பொறியாளர் தொட்டி கட்டி மாடலை இழுத்துப் பார்த்ததும் இந்தக் கணக்குலதான். கரையில நீங்க மெதுவா நடந்தாலே கூட வரலாம்.

குழாய் வெச்சதும், மேல்தளம் ஒட்டுறதுக்கு முன்னாடி உள்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்க. கீல்ல குழாய் சேர்ற இடத்தை மட்டும் கிட்டத்துல எடுங்க.