மறு: ஆர்ஜிபி மாட் - 'காணொளித் தர மேம்பாடு' வேண்டாமே

> 'காணொளித் தர மேம்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். ஆர்ஜிபி மாட் என்று நாம் சொல்லும் இந்த வேலை, பழைய வீடியோ கேம் பெட்டியிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக டிவிக்கு எடுத்துவிடுவதுதான், இதில் யாரும் படத்தை மேம்படுத்துவதில்லை. நின்டெண்டோ 64 என்ற கேம் பெட்டியையே பாருங்கள். 1996-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த ஆரம்பகாலப் பெட்டிகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் குறிகையாக (சிக்னலாக) சில்லின் கால்வரை வந்து நிற்கின்றன, அங்கிருந்து டிவி கம்பி செருகும் பின்பக்கத் துளைக்கு இழுக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய நின்டெண்டோ பெட்டியான சூப்பர் ஃபாமிகாமில் அதே வடிவத் துளையில் 1, 2, 4 ஆகிய ஊசிகளில் மூன்று நிறமும் கிடைக்கும். 64-இல் அவை சும்மா கிடக்கின்றன. நமக்கு வருவது நிறத்தையும் ஒளிர்வையும் ஒரே கம்பியில் பிசைந்து அனுப்பும் காம்போசிட். டிவி அதைத் திரும்பப் பிரிக்கத் தடுமாறும்போதுதான் சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள் ஓடும்.

ஆக, நாம் செய்வது கலங்குவதற்கு முன்னாலேயே மடையைத் திருப்பிவிடுவது, அவ்வளவுதான். மூன்று கால்களில் கம்பி வைத்து, நடுவே டிஎச்எஸ்7314 மாதிரி ஒரு சின்னப் பெருக்கிச் சில்லைப் போட்டு, அந்தக் காலி ஊசிகளுக்குக் கொண்டுபோகிறோம். அந்தப் பெட்டி தானாகப் பூசுகிற மங்கல் இருக்கிறதே, அது இதற்குப் பிறகும் அப்படியேதான் இருக்கும். 'மேம்பாடு' என்று சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு வந்து சண்டை பிடிப்பார்கள்.

என் பரிந்துரை: நிற மடைமாற்று. வினையாகவும் வளைகிறது: "மடைமாற்றிய பெட்டி", "இதை மடைமாற்ற முடியுமா?". நாளிதழில் நிதியை மடைமாற்றினார்கள் என்று எழுதுவதால் கொஞ்சம் திருட்டு வாடை அடிக்கும், பரவாயில்லை. நான் முதன்முதலில் செய்தபோது பச்சைக் கம்பியின் ஈயம் சரியாகப் பிடிக்காமல் வெள்ளை மேகமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. "பச்சை மடை அடைத்திருக்கு" என்று அப்போது வாயில் வந்ததுதான் இந்தச் சொல்லுக்கே தொடக்கம்.

உள்ளே கூடுதலாகப் பொருத்தும் சுற்றுப் பலகைக்குத் தம்பி சொன்ன 'ஒட்டுப்பலகை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மரக்கடையில் விற்கிற பிளைவுட் ஆயிற்றே! காம்போசிட்டுக்கு 'கலவைக் குறிகை' எனக்குச் சம்மதம்.

ஒரு இடத்தில் மட்டும் என் சொல் உதைக்கிறது. 1983-இல் வந்த ஃபாமிகாம் என்ற நின்டெண்டோ பெட்டியிலும், பின்னால் வெளிநாடுகளுக்கு வந்த அதன் வடிவமான என்இஎஸ்ஸிலும் படச் சில்லே நேராகக் கலவைக் குறிகையைத்தான் உருவாக்கும், ஊற்றிலேயே கலங்கல், திருப்ப மடை ஏது? அதனால் ஒரு காலத்தில் ப்ளேசாய்ஸ்-10 என்ற ஆர்கேட் எந்திரத்திலிருந்து ஆர்ஜிபி சில்லைக் கழற்றி இதில் பொருத்தினார்கள், அதில் நிறங்கள் வேறு கொஞ்சம் மாறிவிடும். இப்போது சில்லுக்கும் பலகைக்கும் இடையே ஒரு குட்டிப் பலகை உட்கார்ந்து, எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்பதை எண்ணாகவே படித்து நிறத்தைப் புதிதாக உண்டாக்குகிறது. இதை மடைமாற்று என்றால் பொய். 'நிற மீட்டுருவாக்கி' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. உங்களில் யாரிடமாவது இதைவிடச் சின்னதாக ஒன்று இருக்கிறதா?