ஜீபிஎஸ் சரி, அடி விழுந்த இடம் பிழை: எங்கே பிசகுகிறது?

வல்லைவெளி:
இராணுவக் கட்டளையில் ஜீபிஎஸ் பற்றிக் கதைக்கிற எல்லாரும் செய்மதியைத்தான் பார்க்கிறார்கள். 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறவற்றில் நாலு தெரிந்தால் போதும். மூன்று செய்மதி இடத்தைக் கணிக்க, நாலாவது கருவியின் மணிக்கூட்டுப் பிழையைக் கழிக்க. பெரிய பிசகெல்லாம், ஒருவர் எண்ணை வாசிக்க மற்றவர் எழுதுகிற இடத்தில்தான் வருகிறது.

2001 டிசம்பர் 5, கந்தகாருக்கு வடக்கே நடந்ததைப் பாருங்கள். இலக்கின் ஆள்கூறு கையடக்கக் கருவியில் இருந்தது. பற்றரி இறங்க, புதிதாக மாற்றினார்கள். திரும்ப இயங்கியதும் அந்தக் கருவி காட்டியது தான் நிற்கும் இடத்தை. அந்த எண்தான் பி-52 விமானத்துக்குப் போனது. 2,000 இறாத்தல் குண்டு, சொன்ன இடத்திலேயே, குண்டைக் கேட்டவர்கள் மேலேயே விழுந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் 3 பேரும் கூட நின்ற ஆப்கான் போராளிகளும் செத்தார்கள். கருவியில் பழுதில்லை, குண்டும் தவறவில்லை. பற்றரி மாற்றினால் இலக்கை மறுபடி அளக்க வேண்டும். அனுப்பமுன் தன் ஆள்கூற்றையும் இலக்கின் ஆள்கூற்றையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். இது அரை நிமிட வேலை.

பண்ணைப்பாலம்:
வல்லைவெளி அண்ணா, டேட்டத்தையும் (ஆள்கூறுகளை எந்த அடிப்படையில அளக்கிறது எண்ட ஒழுங்கு) சேர்க்க வேணும். எங்கட பழைய, ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டுற வரைபடங்கள் கந்தவல டேட்டத்தில வரைஞ்சவை (கிளிநொச்சிக் கண்டாவளை இல்லை, நீர்கொழும்புப் பக்கம்). கருவியோ ஜீபிஎஸ்ஸின்ர உலகப் பொது டேட்டமான டபிள்யூஜீஎஸ்-84இல காட்டும். அகலாங்கு நெட்டாங்கை அதில இருந்து இதுக்கு அப்படியே தூக்கிப் போட்டால், யாழ்ப்பாணத்தில 200 மீற்றருக்கு மேல, பெரும்பாலும் கிழக்கு மேற்காகத் தள்ளிப்போகும். வீடுகள் நெருங்கின எங்கட ஊர்களில 200 மீற்றர் எண்டால் இன்னொரு ஒழுங்கை, இன்னொரு குடும்பத்தின்ர வளவு. பீரங்கிக்கு எண் குடுக்கிறவர் எந்த டேட்டம் எண்டதையும் சேர்த்தே சொல்ல வேணும். வாங்கிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேணும்.

அரியாலை:
பாகை, கலை (60 கலை ஒரு பாகை) பிசகினால் இன்னும் மோசம். யாழ் நகரம் ஏறத்தாழ 9 பாகை 40 கலை. றேடியோவில "ஒன்பது, நாற்பது" எண்டு கேட்டு ஒருவர் 9.40 எண்டு தசமத்தில அடிச்சால், புள்ளி 30 கிலோமீற்றர் தெற்கே, கடலேரியையும் தாண்டி விழும். சரியான தசமம் 9.667. அவ்வளவு பெரிய பிழை வரைபடத்தில போட்ட உடனே பிடிபடும். எனக்குப் பயம் 200 மீற்றர்ப் பிழைதான். அது கண்ணுக்குச் சரிபோலவே இருக்கும்.

வல்லைவெளி:
உண்மை. கட்டளையகத் திரையிலும் இதே கதை. நம் வாகனத்தின் குறி அசையாமல் நின்றால், வாகனம் நிற்கிறதென்று அர்த்தமில்லை. கடைசியாக வந்த தகவல் அதுதான். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து நிமிடத்தில் 3 கிலோமீற்றருக்கு மேல் போயிருக்கும். குறிக்குப் பக்கத்தில் நேரம் தெரிய வேண்டும். நேரம் பழையதென்றால் றேடியோவில் கேட்டபிறகே அந்தப் பக்கம் சுட அனுமதி.

பண்ணைப்பாலம்:
சிக்னலைக் குழப்புற கருவியான அலைக்குழப்பியையும் மறக்கக் கூடாது. தரைக்கு வந்து சேர்ற சிக்னல் மிகவும் மெல்லிசு, சின்னக் குழப்பியே அமுக்கிப்போடும். அமுக்கினால் கருவி இடம் தெரியேல்லை எண்டு காட்டும், அது பரவாயில்லை. போலிச் சிக்னல் குடுத்தால் பிழையான இடத்தை நம்பிக்கையாகக் காட்டும். அதுக்குத்தான் திசைகாட்டியும் கடுதாசி வரைபடமும்: கண்ணுக்குத் தெரியிற கோபுரம், தண்ணீர்த் தாங்கி எண்டு ரெண்டுக்குத் திசை எடுத்து, கோடு வெட்டுற புள்ளியைக் கருவியோட ஒப்பிட வேணும்.