யோக்டோ இமேஜில் கோப்புகளின் ஓனர் 1000 ஆகிவிடுகிறது, எங்கே தவறு?

பாயான்லெப்பாஸ்_போர்டு:
வணக்கம். ஏஆர்எம் போர்டு ஒன்றுக்கு யோக்டோவில் (சிறு கருவிகளுக்கு லினக்ஸ் கட்டும் தொகுப்பு) இமேஜ் கட்டுகிறோம். பில்ட் பிழையில்லாமல் முடிகிறது, போர்டும் பூட் ஆகிறது. ஆனால் '/ஆப்ட்/மீட்டர்' கீழே இருப்பதெல்லாம் ரூட்டின் 0:0 அல்ல, 1000:1000 (ஓனர் எண்:குரூப் எண்; பில்ட் மெஷினில் என் கணக்கு). அதற்கான ரெசிபியின் (பேக்கேஜைக் கட்டும் குறிப்புக் கோப்பு) டூ_இன்ஸ்டால் படியில் 'சிபி -ஏ' போட்டு ஃபோல்டரை அப்படியே நகலெடுக்கிறோம். பில்ட் முடிந்தபின் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ரூட்எஃப்எஸ் (போர்டின் முழுக் கோப்புத் தொகுதி) டாரைப் பிரித்து, லைசென்ஸ் கோப்பைச் சேர்த்து, மறுபடி கட்டுகிறது. அந்த டாரை ஏற்றினால் இன்னும் மோசம்: '/ஈடிசி' முதற்கொண்டு 1000, எஸ்எஸ்எச் கீ லாகினும் ஏற்பதில்லை. வொர்க் ஃபோல்டரில் 'எல்எஸ் -எல்' அடித்தாலும் ரூட்எஃப்எஸ் முழுக்க என் பெயர்தான். கடைசியில் எல்லாவற்றையும் ரூட்டுக்கு மாற்றி ஒரேயடியாக சௌன் (ஓனரை மாற்றும் கட்டளை) அடித்துவிடலாமா?

செராஸ்_கெர்னல்:
சௌன் அடிக்காதீங்க. டிபஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் சேவை) போன்றவற்றின் கோப்புகளில் ரூட் அல்லாத குரூப் வேண்டுமென்றே வைத்திருக்கும், அதுவும் அழிந்துபோகும். போதாததற்கு, சௌன் செய்தால் கெர்னல் செட்யூஐடி பிட்டை (நிரலை அதன் ஓனரின் உரிமையோடு ஓடவைக்கும் குறி) எடுத்துவிடும்.

வொர்க் ஃபோல்டரில் உங்கள் பெயர் தெரிவது தவறே இல்லை. யோக்டோவின் பில்ட் கருவியான பிட்பேக் ரூட்டாக ஓடுவதில்லை. சூடோ என்கிற போலி ரூட் நிரல், எந்தக் கோப்புக்கு யார் ஓனர் என்பதைத் தனி டேட்டாபேஸில் எழுதிவைக்கிறது. வட்டில் இருப்பது என்னவோ உங்கள் கணக்குதான். சரிபார்க்க வேண்டுமென்றால் வெளியே வந்த பொருளைப் பாருங்கள்: டாருக்கு 'டார் -டிவிஎஃப்' உடன் '--நியூமெரிக்-ஓனர்', ஈஎக்ஸ்டி4 இமேஜுக்கு டீபக்எஃப்எஸ்ஸில் 'ஸ்டாட்'.

'/ஆப்ட்' கோளாறுக்குக் காரணம் அந்த '-ஏ'. ஃபெட்ச், அன்பேக் (மூலக் கோப்பை எடுப்பது, பிரிப்பது) இரண்டும் சூடோவுக்கு வெளியே நடப்பவை. ஆகவே மூலக் கோப்பைப் பற்றி டேட்டாபேஸில் எதுவும் இருக்காது, உண்மையான எண்ணான 1000-ஐயே சூடோ சொல்லும். சிபி அதைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று 1000-க்கு சௌன் கேட்கும், சூடோவும் பணிவாக எழுதிக்கொள்ளும். பில்ட் லாகில் 'ஹோஸ்ட்-யூசர்-கன்டாமினேட்டட்' (பில்ட் செய்பவரின் எண் கலந்துவிட்டது) என்ற எச்சரிக்கை கட்டாயம் வந்திருக்கும், தேடிப்பாருங்கள். அதை வார்ன்_கியூஏ பட்டியலிலிருந்து எரர்_கியூஏ பட்டியலுக்கு மாற்றினால் அடுத்த முறை பில்ட் அங்கேயே நிற்கும்.

திருத்தம்: சில கோப்புகள்தான் என்றால் 'இன்ஸ்டால் -எம் 0644', பைனரிக்கு 0755. பெரிய ஃபோல்டர் என்றால் 'சிபி -ஆர் --நோ-டீரெஃபரன்ஸ் --ப்ரிசர்வ்=மோட்,லிங்க்ஸ்'. அந்தப் பட்டியலில் ஓனர்ஷிப் இல்லை என்பதுதான் விஷயம்.

இதை அலட்சியமாக விடாதீங்க. போர்டில் முதலில் உருவாக்கும் சாதாரண யூசருக்கும் 1000 என்ற எண்தான் பெரும்பாலும் கிடைக்கும். அவர் உங்கள் பைனரியைத் திருத்தலாம், அதை ரூட் சர்வீஸ் ஓட்டும்.

பட்டர்வொர்த்_பூட்:
ஸ்கிரிப்ட் பற்றி யாரும் பேசவில்லையே. சாதாரண யூசராக டாரைப் பிரித்தால் எல்லாமே அந்த யூசருக்குச் சொந்தமாகும், திரும்பக் கட்டும்போது அதுவே பதிவாகும். ரூட்டின் ஹோமான '/ஹோம்/ரூட்'டின் ஓனர் 1000 என்றால், ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் (ஹோம், கீ கோப்புகளின் ஓனரைச் சோதிக்கும்) விதிப்படி எஸ்எஸ்எச்டி கீயை மறுக்கும்; லாகில் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று இருக்கும்.

சரியான வழி ஸ்கிரிப்டையே தூக்கிவிடுவது. இமேஜ் ரெசிபியில் ஒரு ஃபங்ஷன் எழுதி ரூட்எஃப்எஸ்_போஸ்ட்ப்ராசஸ்_கமாண்டில் சேருங்கள், அது சூடோவுக்குள்ளேயே ஓடும். ஆட்டாஸ்க் போட்டுத் தனி டாஸ்க் எழுதினால் அந்த ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் 'ஃபேக்ரூட்' என்ற சொல் இருக்கவேண்டும். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

வெளியேதான் செய்தாக வேண்டுமென்றால் பிரிக்கவே வேண்டாம். ஜிசிப்பை மட்டும் அவிழ்த்து, 'டார் --அப்பெண்ட் --ஓனர்=0 --குரூப்=0 --நியூமெரிக்-ஓனர்' போட்டு ஒட்டி, மறுபடி சுருக்குங்கள்.

பாயான்லெப்பாஸ்_போர்டு:
நன்றி அண்ணே, '/ஆப்ட்', '/ஈடிசி' இரண்டும் இப்போது 0:0. எச்சரிக்கை லாகில் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. மிச்சம் ஒன்று: சர்வீஸுக்கென்று 'மீட்டர்' யூசரை யூசர்ஆட் கிளாஸில் (பில்டின்போதே யூசரைச் சேர்க்கும் யோக்டோ பகுதி) உருவாக்குகிறோம். பினாங்கு இமேஜில் அதன் எண் 998, கேஎல் (கோலாலம்பூர்) இமேஜில் 997. அப்டேட் ஆனபின் டேட்டா பார்ட்டிஷனில் உள்ள பழைய கோப்புகளைச் சர்வீஸால் திறக்க முடியவில்லை.

செராஸ்_கெர்னல்:
சிஸ்டம் யூசருக்கு எண் 999-இலிருந்து கீழ்நோக்கிக் கிடைக்கும், எந்தப் பேக்கேஜ் முதலில் வருகிறதோ அதற்கேற்ப. வட்டில் எழுதப்படுவது எண்தான், பெயர் அல்ல. யூசர்ஆட்எக்ஸ்டென்ஷனை 'யூசர்ஆட்-ஸ்டாட்டிக்ஐட்ஸ்' ஆக்கி, உங்கள் லேயரில் (உங்கள் ரெசிபிகள் இருக்கும் ஃபோல்டர்) பாஸ்வேர்ட், குரூப் அட்டவணைக் கோப்புகள் வைத்து, அவற்றை யூசர்ஆட்_யூஐடி_டேபிள்ஸ், யூசர்ஆட்_ஜிஐடி_டேபிள்ஸ் இரண்டிலும் காட்டுங்கள். யூசர்ஆட்_எரர்_டைனமிக்கை 'எரர்' என்று வைத்தால், அட்டவணையில் இல்லாத யூசர் வந்ததும் பில்ட் நின்றுவிடும். முதல் தடவை அரை டஜன் பேக்கேஜாவது கத்தும், ஒவ்வொன்றாக எண் கொடுங்கள்.

ஏற்கெனவே வெளியே போன போர்டுகளில் எந்த எண் அதிகப் போர்டுகளில் இருக்கிறதோ அதையே நிலையாக வையுங்கள். மற்றவற்றில் அப்டேட்டுக்குப் பின் ஒருமுறை மட்டும் டேட்டா ஃபோல்டருக்கு சௌன் ஓட்டுங்கள்.

பட்டர்வொர்த்_பூட்:
இன்னொன்று. வொர்க் ஃபோல்டருக்குள் கையால் 'ஆர்எம்' அடிக்காதீங்க. சூடோவுக்குத் தெரியாமல் கோப்பை அழித்தால் டேட்டாபேஸில் பழைய ஐநோடு (கோப்புக்கு வட்டில் உள்ள அடையாள எண்) தங்கிவிடும். அதே எண் புதுக் கோப்புக்குக் கிடைத்ததும் 'பாத் மிஸ்மேட்ச்' என்று அபார்ட் ஆகும். விவரம் அந்த ரெசிபியின் வொர்க் ஃபோல்டரில், சூடோ லாகில் இருக்கும். 'பிட்பேக் -சி கிளீன்' போட்டு அந்த ரெசிபியை மறுபடி கட்டினால் போதும்.