மறு: [கலைச்சொல்] ‘வடிந்த கரிம மண்’ சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘drained organic soils’ என்பதற்கு, அதாவது நீரகற்றிய சதுப்பு மண்ணுக்கு, நம் சொல்லாக்கக் குழு தேடும் தமிழ்ச்சொல் பற்றி.

> ‘வடிந்த கரிம மண்’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, பின்லாந்துக் கட்டுரைக்கு இது போதும்.

அந்தக் கட்டுரையை நினைத்துத்தான் தயங்குகிறேன், ஐயா. வெள்ளம் வடிந்தது என்றால் தானாக வடிந்தது என்று பொருள். பின்லாந்தில் எதுவும் தானாக வடியவில்லை. அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1 கோடி எக்டேர், சதுப்பாக இருந்தது. அதில் பாதிக்கு மேல் மனிதர் கால்வாய் வெட்டி உலர்த்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சோவியத் ஒன்றியத்திடம் கரேலியா பகுதியை இழந்து வந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குடியமர்த்தச் சதுப்பு திருத்தி வயல் ஆக்கினார்கள். 1960களிலும் 70களிலும் மரம் வளர்ப்பதற்காக இயந்திரங்களை இறக்கி வெட்டியது அதைவிடப் பன்மடங்கு. இவ்வளவும் செய்தவரை ‘வடிந்த’ என்ற ஒரு சொல் மறைத்துவிடுகிறது.

‘வடித்த’ என்றால் செய்தவர் தெரிவார். ஆனால் கண்ணீர் வடிப்பதும் சிலை வடிப்பதும் அதே வினைதான். ‘நீர் வடித்த மண்’ என்று எழுதினால் மண் அழுததாகப் படிப்பவரும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், வடித்தல் என்றோ நடந்து முடிந்த செயலாகத் தொனிப்பது. நமக்கு வேண்டியதோ நீடிக்கும் ஒரு நிலை. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் வரை காற்று உள்ளே புகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் கிடந்த பாசியும் கோரையும் மட்கும். கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஸ் ஆக்சைடும் ஆண்டுதோறும் வெளியேறும். 1965இல் வெட்டிய நிலம் இந்த ஆண்டுக் கணக்கிலும் வரும்.

பின்லாந்துக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். ‘ஒயா’ என்றால் அவர்கள் மொழியில் சிறு கால்வாய், வடிகால். அதிலிருந்து பிறந்த ‘ஒயிட்டெட்டு’ என்ற சொல்லுக்கு வடிகால் வெட்டப்பட்டது என்று பொருள். நீர் போனதையல்ல, கால்வாய் இருப்பதைச் சொல்கிறார்கள். ஜெர்மன்காரர்களோ ‘நீர் நீக்கிய’ என்கிறார்கள். எனக்கு முன்னதுதான் பிடித்திருக்கிறது. நம்மிடமும் அந்த அமைப்பு உண்டு: வேலியிட்ட நிலம் என்றால் வேலி இன்னும் நிற்கிறது. அதே போல வடிகாலிட்ட கரிம மண்.

‘கரிம மண்’ பற்றிச் சிறு அச்சம் உண்டு. கரிசல் என்று நினைத்துக்கொள்வார்கள். கரிசல் கருப்பாக இருந்தாலும் அதில் கரிமம் மிகக் குறைவு. ஆனாலும் ‘அங்கக மண்’ என்றால் இயற்கை உரமிட்ட வயல் என்றாகிவிடும். வரையறையே கரிம (கார்பன்) அளவை வைத்துத்தான் இருக்கிறது (நீர் தேங்கும் மண்ணில் களிமண் இல்லையென்றால் எடையில் 12 விழுக்காடு, களிமண் 60 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 18). ஆகவே ‘கரிம’ இருக்கட்டும்.

அன்புடன்.

---

> வடிகாலிட்ட கரிம மண்

இரண்டு குறுக்குக் கேள்விகள். நெதர்லாந்தில் சதுப்பு நீரை எக்கி (பம்பு) வைத்து இறைத்து வெளியே ஊற்றுகிறார்கள். அங்கேயும் வடிகாலிட்டதா? அடுத்தது, ஈழத்தில் நாங்கள் சேதனப் பசளை, சேதன மண் என்றுதான் படித்தோம். அதை ஏன் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை?

---

சேதனத்தை விட்டது என் பிழை, அம்மா. இணைச்சொல்லாகச் சேர்க்கிறேன். (இங்கே அதைச் ‘சேதமடைந்த மண்’ என்று படிப்பார்கள். இந்த மண்ணுக்கு அது ஒருவகையில் பொருந்தவும் செய்கிறது!) நெதர்லாந்திலும் வயல்நீர் வடிகால்களில் சேர்ந்த பிறகுதான் எக்கிக்கு வருகிறது. ஆகவே சொல் நிற்கும்.

நம் கலைச்சொல் பட்டியலின் அடுத்த வரி ‘பரப்பு மாற்றம்’. அதில்தான் வாசகர் ஏமாறுவார். வடிகாலிட்ட பரப்பு குறைந்தால் நல்ல செய்தி என்று தோன்றும். வடிகாலை அடைத்து நீரைத் திரும்ப நிறுத்தியதால் குறைந்திருந்தால் மகிழலாம். அதற்கு ‘வடிகாலடைத்த’ என்று எதிர்ச்சொல் தானாகவே கிடைக்கிறது. ஆனால் உழுத வயலில் கரிமம் மட்கி மெலிந்து, அடியிலுள்ள கனிம மண்ணோடு கலந்துவிட்டாலும் அது கரிம மண் என்ற வகையிலிருந்து விழுந்துவிடும். பரப்பு குறையும், குறைந்ததெல்லாம் காற்றில் போனது. இந்த இரண்டாவதற்குக் ‘கரிமம் தீர்ந்த’ என்று ஒரு சொல் வைப்போம். பின்லாந்து விளைநிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கரிம மண். அங்கே ஒரு பக்கம் பழைய வயல்கள் இப்படித் தீர, மறுபக்கம் 2000க்குப் பிறகும் புதிதாகச் சதுப்பு திருத்தினார்கள். இரண்டும் கழிந்து நிகரத்தில் பரப்பைக் காட்டும் வரைபடக் கோடு கிட்டத்தட்ட அசையாமல் தெரியலாம்.

இன்னொன்று. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளிவிவரப் பட்டியல் 1990 முதல் தொடங்குகிறது. பயிர்நிலத்தையும் புல்நிலத்தையும் மட்டுமே எண்ணுகிறது. பின்லாந்தில் வடிகாலிட்டதில் பெரும்பகுதி காடு. அந்நாட்டின் சொந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் எண்கள் ஒட்டவே ஒட்டாது. ஆகவே சொல்லுக்கு முன்னால் ‘காட்டு’, ‘பயிர்’ என்று அடை சேர்க்காமல் எண் எழுதக் கூடாது என்று குறிப்பிலேயே போட்டுவிடலாம்.

---

> வடிகாலடைத்த

காட்டில் யாரும் அடைக்காமலே பாசி வளர்ந்து கால்வாய் மூடிக்கொள்கிறதே, அதை எதில் சேர்ப்பது?

---

அதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம்: தூர்ந்த வடிகால். அங்கே பழைய கால்வாய்களை அவ்வப்போது மறுபடி தோண்டிச் சீராக்குவதைத் தூர்வாரல் என்றே எழுதிவிடுவோம். தூர்ந்ததை எந்த ஆண்டிலிருந்து கணக்கில் கழிப்பது என்பது சொல்லாக்கக் குழுவின் வேலை இல்லை. மண்ணியலார் பார்த்துக்கொள்ளட்டும். மறுப்பு இல்லையென்றால் ஞாயிறன்று இச்சொற்களை நம் பட்டியலில் ஏற்றுகிறேன்.